நாலு இருபது வரை

லோரோங் குலிட் சந்தையில், ஞாயிறு காலை,
செத்துப்போன பிரிண்டரின் வயிற்றிலிருந்து
கட்டைவிரல் பருமனில் ஒரு மோட்டார்.
மூன்று ரிங்கிட் என்றான். இரண்டு கொடுத்தேன்.
சோலார் தகடு பதினெட்டு.
மூலையில் கீறல். "அதுவும் வேல செய்யும், அக்கா."

துணி காயப்போடும் கம்பின் நுனியில்
தகட்டைக் கட்டி
பதினோராம் மாடியிலிருந்து வெளியே நீட்டினேன்.
எதிர்வீட்டு ரொஹானா அன்றே கேட்டாள்:
என்ன இது, வெயிலைத் துவைத்துக் காயப்போடுகிறாயா?

பகலில் தூங்குகிறவள் நான்.
ராத்திரி முழுக்க பாயான் லெப்பாஸில்
பூதக்கண்ணாடியின் கீழ்
குருணை அளவு கெப்பாசிட்டர்களை
நல்லது, ஆகாதது என்று பிரிக்கிறேன்.
எட்டுக்கு வீடு. சோறு. பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி.
யுகேந்திரனை மதியப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு
ஒரு மணிக்குப் படுத்தால்
மேற்குச் சுவர் இட்லிப் பானை.

மினரல் வாட்டர் போத்தலை வெட்டி மூன்று இறக்கை.
வெயில் ஏற ஏற விசிறியும் வேகம் ஏறியது.
எரிக்கிறவனே எழுந்து வந்து விசிறுகிறான்.
இப்படி ஓர் ஆளை நான் அதுவரை
கண்டதில்லை.

மேகம் வந்தால் நிற்கும்.
மேகம் போன பிறகும் நின்றுகொண்டே இருக்கும்,
அதுதான் முதலில் பிடிபடவில்லை.
ஓடுகிற மோட்டாருக்குக் கொஞ்சம் போதும்;
நின்றது எழுந்திருக்கத்தான்
நிறைய வேண்டியிருக்கிறது.
பாயில் படுத்தபடியே கால்விரலால்
இறக்கையை ஒரு தட்டு.
பிறகு அதுபாட்டுக்கு ஓடும்.

ஆகஸ்டில் புகைமூட்டம்.
சூரியன் காய்ச்சல் மாத்திரை மாதிரி
விழுங்கிவிடலாம் போல் இருந்தது.
தட்டினால் ஒரு சுற்று, அரைச் சுற்று,
அப்புறம் என் விரலையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

அப்போதுதான் கூட்டு ஞாபகம் வந்தது.
எங்கள் லைனில் பன்னிரண்டு பேர், மாதம் நூறு.
கையில் இருக்கும்போது அந்த நூறு எதற்கும் ஆகாது.
எடுக்கிற மாதம் ஆயிரத்து இருநூறு:
பரிமளகாந்தி பல் கட்டினாள்,
நான் வாஷிங் மெஷின்.
கரண்டுக்கும் ஒரு கூட்டுப் பிடித்தால்?

தியோ கடையில் பெரிய கெப்பாசிட்டர்,
ஆறு ரிங்கிட் எண்பது காசு.
ராத்திரிக்கு நாற்பதாயிரம் என் கைவழியே போகிறது,
ஒன்றுகூட என் பைக்கு வந்ததில்லை.
இதற்கு ரசீது வாங்கி மடித்து வைத்திருக்கிறேன்.
யாரும் கேட்கவில்லை.

பள்ளியில் இதை மின்தேக்கி என்று படித்தோம்.
பரீட்சைக்கு எழுதி மறந்த சொல்.
இப்போது தேக்குகிறது:
சிவந்த வெயில் சொட்டுச் சொட்டாகக் கட்டுகிறது,
ஒன்பது மூச்சு, எதுவும் அசைவதில்லை.
பத்தாவதில் டிரான்சிஸ்டர் கதவைத் திறக்க
மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு விசிறி துள்ளும்.
நாலு மூச்சுக் காற்று.
மறுபடி முதல் தவணை.
விட்டுவிட்டு வந்த அந்தக் காற்றில்தான்
விட்டுவிட்டுத் தூங்கினேன்.

நிர்வாகத்திடமிருந்து கடிதம்:
திருமதி சந்திரமலர், 11-07,
வெளியே நீட்டியுள்ள பொருளை அகற்றவும்.
துணி நீட்டலாமாம்.
தகட்டை ஒட்டி ஒரு கைலியைத் தொங்கவிட்டேன்.

அலாரம் வைப்பதில்லை.
சத்தம் கேட்டு விழிப்பார்கள் மற்றவர்கள்,
நான் சத்தம் நின்றால்.
மலைப்பக்கம் ஒரு கொண்டோ எழும்புகிறது.
அதன் நிழல் முதலில் ஐந்தரைக்கு வந்தது,
பிறகு ஐந்து பத்துக்கு.
சுவரில் பென்சிலால் குறித்து வருகிறேன்,
மகனின் உயரக் கோடுகளுக்குப் பக்கத்தில்.
அவர்கள் ஒரு மாடி ஏற்றினால்
என் தூக்கத்தில் நாலு நிமிடம் இறங்குகிறது.
நேற்று நாலு இருபது.
தொழிற்சாலை பஸ் என்னவோ ஆறுக்குத்தான்.

இன்று கம்போடு இன்னொரு முழம் சேர்த்துக் கட்டினேன்.
ரொஹானா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்,
வாய் மூடாமல் திட்டிக்கொண்டே.

நாலு இருபத்திரண்டு.