மணிக்கட்டு

காணிக்கைப் பை சிவப்பு வெல்வெட், மரக் கைப்பிடி.
உள்ளே என்ன விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.
பிடிப்பவனின் மணிக்கட்டுக்குத் தெரியும்.

இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம் எப்சிபா.
மூடிய கை உள்ளே போகும்,
துணியை ஒருமுறை உரசும்,
மூடியபடியே வெளியே வரும்.
எடையில் ஒரு மிளகளவும் மாற்றம் இருக்காது.

முதல் வாரம், மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.
நான்காம் வாரம், கஞ்சத்தனம்.
ஏழாம் வாரம் வீட்டில் சொன்னேன்.
வெங்காயம் நறுக்கிக்கொண்டே கிரேஸ்லின்
"அவகிட்டயே கேட்டீங்களா?" என்றாள்.
கேட்கவில்லை.
பை பிடிப்பதுதான் என் வேலை.
வியாதிப்பட்டோருக்காக என்று ஆயர் ஜெபிக்கும்போது
எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவன் நான்.
இப்படிப் பதினோரு வாரம்.

ஒரு புதன்கிழமை, இன்னும் விடியவில்லை.
ஒண்டிக்கடையில் முதல் பஸ்,
ஹெட்லைட்டை மென்றுகொண்டிருந்தது பனி.
மோட்டாருக்குப் பேரிங் வாங்கச் சேலம் போகிறேன்.
முன் சீட்டில் எப்சிபா,
அவள் தோளில் சாய்ந்து மாசிலாமணி.
சில்வர் ஓக்கில் ஏணி சாத்தி
மூன்றாள் மிளகை ஒற்றையாளாய்ப் பறித்தவன்.
பஸ் படி ஏற அவனுக்குக் கண்டக்டர் கை கொடுத்திருந்தார்.

பதினெட்டாம் வளைவில் அவனுக்குக் குமட்டியது.
பதினாறில் அவள் முந்தானையை ஏந்தினாள்.
நாற்பது வருடம் ஏறி இறங்கியும்
எனக்கும் இந்த மலை ஒத்துக்கொள்ளாது,
சட்டைப் பையில் எப்போதும் ஒரு எலுமிச்சை.
நகத்தால் கீறி நீட்டினேன்.
திரும்பினாள். கோயிலில் பார்க்கும் முகமில்லை அது.

"வாரம் ரெண்டு தடவ டயாலிசிஸ்ண்ணே.
வைத்தியம் இலவசம்தான்.
வழிதான் இலவசமில்ல.
ரெண்டு நாள் கூலியும் போயிடுது."
பிறகு, நான் கேட்காமலே,
வெளியே இருட்டைப் பார்த்தபடி:
"பை முன்னால வந்து நிக்குறப்ப
பக்கத்துல இருக்கறவங்க பாப்பாங்கல்ல."

நான் பார்த்தேன் என்று சொல்லவில்லை.

கோரிமேடு போனது.
நான் இறங்க வேண்டிய அஸ்தம்பட்டியும் போனது.
பெரியாஸ்பத்திரி வாசலில்
அவனுடைய இடக்கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.
மணிக்கட்டுக்குத் தெரியும் என்றேனே,
பிழிந்த துணியின் எடைதான் இருந்தான்.

அன்று நான் ஜெபம் ஒன்றும் செய்யவில்லை.
டோக்கனைப் பிடித்து நின்றேன், தொண்ணூற்று மூன்று.
இட்லி வாங்கி வந்தேன், அவள் இரண்டுதான் தின்றாள்.
வெளிக்கடை ஊசிக்கும் ஆட்டோவுக்கும்
பேரிங் காசு போயிற்று.
மோட்டார் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது.

திரும்பி மலை ஏறும்போது
மூவரும் பேசவில்லை.
அவன் தூங்கினான், அவள் எலுமிச்சைத் தோலை முகர்ந்துகொண்டிருந்தாள்.
எனக்கு மட்டும் வளைவுக்கு வளைவு ஒரே கேள்வி:
பதினோரு வாரமாக என் பைக்கு முன்னால்
மூடிய கையோடு உட்கார்ந்திருந்தது யார்?

அதற்குப் பிறகு புதன்களும் சனிகளும்.
மூன்று மாத முறை முடிந்து
பை எலியேசர் கைக்குப் போயிருந்தது,
காலேஜ் பையன், இஸ்திரி போட்ட சட்டை.
ஒரு ஞாயிறு அது என் முன்னால் வந்து நின்றபோது
என்னிடம் எலுமிச்சை மட்டும்தான் இருந்தது.
கையை மூடி உள்ளே விட்டேன்.
துணி உரசியது.
அவன் மணிக்கட்டு ஒரு கணம் நின்று, நகர்ந்தது.

ஆராதனை முடிந்து வாசலில்
ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.
மற்றொன்றைக் கையில் எடுத்து வந்தான்.
"அங்கிள், வீட்ல எல்லாம் சரிதானே?"

எனக்குப் பதினோரு வாரம் பிடித்தது.
அவனுக்குக் கடைசிப் பாட்டு முடிகிற நேரம்.

செருப்பை மாட்டிக்கொண்டேன்.
"புதன்கிழமை உனக்குக் காலேஜ்
எத்தனை மணிக்கு?" என்றேன்.