வட்டத்தின் நடு

மூன்று கிலோமீட்டர் ஆரம் போதும்
என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.
ஒரு வரைபடம், ஒரு கவராயம்,
ஒரு சிவப்புப் பேனா.

லாயத்தின் தகரக் கதவில்
வரைபடத்தை விரித்துப் பிடித்தேன்.
ஒரு மூலையைக் காற்று இழுத்துக்கொண்டிருந்தது.
அவுதிலியோ இனொஸ்த்ரோசா
மாத்தே குழலை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்:
"ஊசியை எங்கே குத்துவீர்கள்?"

நியாயமான கேள்வி.
சில்யானில் இருப்பது ஒரு மலை அல்ல,
பங்காளிகள் குடியிருப்பு.
வடக்கே பனியைப் போர்த்திக்கொண்டு
செர்ரோ பிளாங்கோ,
ஆறு கிலோமீட்டர் தள்ளித் தனிக்குடித்தனம்.
தெற்கே
தலைமுறைக்கொரு வாசல் திறந்து
பழையதை அடைத்துவிடும் கூட்டம்.
அடியில் எல்லோருக்கும் ஒரே உலையா
தனித்தனி உலையா என்பதில்
எங்கள் அலுவலகத்திலேயே
இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை.

ஆறரை லட்சம் ஆண்டுகளுக்கு முன்
குழம்பு மேலே வந்தபோது
தலைக்கு மேல் பனிப்பாறை கிடந்தது.
அதன் வயிற்றைச் சுட்டுக்கொண்டே
அங்கேயே விறைத்துப்போனது,
விளிம்பெல்லாம் கண்ணாடியாக.
சாலை வெட்டிய இடத்தில்
இன்றும் கை வைத்தால் கிழிக்கும்.
என் வலது பெருவிரல் சாட்சி.

பிறகு வந்தவற்றை விரலால் எண்ணலாம்,
கொஞ்சம் தயக்கத்தோடு.
கிழவன் என்று பெயர்பெற்ற வியேஹோ
இருநூறு வருஷம் புகைத்துவிட்டு ஓய்ந்தான்.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றில்
வடபுறச் சரிவு கிழிந்து
பனிமேல் நெருப்பு வழிந்தது.
சாந்தா ஹெர்த்ரூதிஸ் ஆறு அன்று
தண்ணீராக இறங்கவில்லை;
சேறும் பாறையுமாக இறங்கியது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறில்
பனிக்குள்ளிருந்து ஒரு கூம்பு எழுந்தது.
நுவேவோ என்றார்கள். புதியவன்.
அந்தப் பெயர் எத்தனை நாள் தாங்கும் என்று
யாரும் யோசிக்கவில்லை.
எழுபத்துமூன்றில் அவன் தோளுக்குப் பக்கத்தில்
அர்ராவ் தலைகாட்டினான்.
பதின்மூன்று வருஷத்தில்
புதியவனைவிட இருபது மீட்டர் உயரம்.

"அந்த இருபது மீட்டரை நான் பார்த்தேன்,"
என்றார் அவுதிலியோ.
"மாடு ஓட்டிப் போகும்போது
போன கோடையில் தெரிந்த வானம்
இந்தக் கோடையில் இல்லை."

இப்போது அர்ராவின் சரிவில் ஓர் ஓட்டை.
இரண்டாயிரத்துப் பதினாறு ஜனவரியில்
வெறும் நீராவியாகத்தான் திறந்தது.
இரண்டு வருஷம் கழித்து உள்ளே கல் தெரிந்தது,
ஈறுக்குள் பல் முளைப்பதுபோல்
மெதுவாக,
சுற்றியிருப்பதை நோகடித்துக்கொண்டு.

வெந்நீர் விடுதியில் துண்டு துவைக்கும் சுனில்டா
கொடியில் சாம்பல் விழுந்த நாளுக்கெல்லாம்
நாட்காட்டியில் சிலுவை போட்டு வைத்திருந்தாள்.
பனி மூடி எங்கள் கருவி செத்துக்கிடந்த
பதினோரு இரவுகளுக்கு
அவள் சிலுவைகள்தான் பதிவு.
இரண்டு சிலுவை மட்டும் தப்பு:
உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன், மரத்தூள்.
சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
பெரும் பாவம் செய்தவர்கள்போல
விடுதிக்காரர்கள் மரவாடிக்காரனைத் திட்டினார்கள்.

ஊசியை ஓட்டையில் குத்தினேன்.
சிவப்புக் கோடு சுற்றி வந்து
அவுதிலியோவின் மேல்பட்டியை
இரண்டாகப் பிளந்தது.
தண்ணீர்த் தொட்டி வெளியே.
படல் உள்ளே.

அவர் சண்டை போடவில்லை.
"போன வருஷம் ஊசி
வேறு இடத்தில் இருந்தது, இல்லையா?"
ஆமாம் என்றேன்.
"சரிவு உப்பியிருக்கிறது என்றார்களே, எவ்வளவு?"
பதினேழு மில்லிமீட்டர்.
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து
அந்த அளவைப் பிடித்துப் பார்த்தார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை,
மீசை அடர்த்தி.

மாடுகளை இறக்கிவரக் கிளம்பினார்.
கருப்புக் குதிரைமேல் சேணத்தை வைத்து
வார்ப்பட்டையை இழுத்தார்.
குதிரை வழக்கம்போல்
மூச்சை உள்ளே அடக்கி
வயிற்றை உப்பிக்கொண்டது,
பட்டை இறுகாமலிருக்க.

அவர் அடிக்கவில்லை, அதட்டவில்லை.
ஒரு கையைப் பட்டையில் வைத்தபடி
வேறெங்கோ பார்த்துக்கொண்டு
அது மூச்சு விடும்வரை
நின்றார்.