இடைவேளையில் காலணி மாற்றுகிறாள்

முன்பாதியில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.
பிரசங்க மேடைக்குக் கீழே வாடகைப் பியானோ,
ஆடாமலிருக்க ஒரு சக்கரத்தடியில்
மடித்துச் செருகிய ஞாயிறு அறிக்கைத்தாள்.
வீட்ஸ்கெ உதட்டைக் கடித்துக்கொள்வது
மூன்றாம் வரிசைவரை தெரிந்தது.

பியானோவில் தொட்ட கணமே
ஒலி சாகத் தொடங்கிவிடும்,
அதற்குள் அடுத்ததைத் தொட்டாக வேண்டும்,
அவ்வளவுதான் இந்த வேலை என்பாள்
பன்னிரண்டு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவள்.

இடைவேளை. காப்பி, இஞ்சி பிஸ்கட்,
கூரை நிதிக்கு ஒரு தகர டப்பா.
நாங்கள் இருவரும் குறுகிய மரப்படியேறி
ஆர்கன் மாடத்துக்குப் போனோம்.
ஃப்ரீஸ்லாந்தின் மார்ச் சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றி
மெல்லிய தோலடி வைத்த கறுப்புக் காலணியை மாட்டினாள்.
இங்கே குதிகாலும் படித்திருக்க வேண்டும்.

என் வேலை குமிழ்களை இழுப்பது,
அவள் தலையசைத்தால் பக்கம் புரட்டுவது.
வாரநாளில் படகுகளுக்குச் சாயம் அடிக்கிறேன்.

இப்போது எல்லோருக்கும் முதுகு.
அவர்கள் பார்ப்பது வெள்ளைச் சுவரை.
அவளோ, தலைக்கு மேல் தொங்கும் சின்னக் கண்ணாடியில்
வழுக்கைகளைப் பார்க்கிறாள்,
ரிக்ஸ்ட் பெப்பர்மின்ட் உறையைச்
சத்தமில்லாமல் பிரிக்கப் பாடுபடுவதை,
கறவை நேரமாயிற்றென்று
கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் டவ்வெயை.

மூன்றாவது உருப்படி முடிந்தது.
கைகளை எடுத்தாள். கால்களையும் எடுத்தாள்.
ஒரு ஸ்வரம் மட்டும் நிற்கவில்லை.

உள்ளே எங்கோ ஈரத்தில் உப்பிய மரம்,
மூட மறுக்கும் ஒரு வால்வு.
ஏணியை எடுக்க எழுந்தேன்.
சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.
மிச்சமிருந்த தாள்களை மூடி
என் மடியில் வைத்தாள்.

அந்தப் பிடிவாதத்தைச் சுருதியாக வைத்துக்கொண்டு
வாசிக்கத் தொடங்கினாள்.
முதலில் அதை ஒட்டி உரசும் ஒன்று:
எனக்குப் பல் கூசியது.
பிறகு எட்ட நின்று ஒன்று.
பிறகு மிதிகட்டையில் கீழே, இன்னும் கீழே,
பெஞ்சு நடுங்கும்வரை.
அது இருந்த இடத்திலேயே இருந்தது.
ஆனால் ஒருமுறை புகார் போலக் கேட்டது,
ஒருமுறை சரி சரி என்பது போல,
ஒருமுறை வாய்க்காலுக்கு அக்கரையில்
யாரோ யாரையோ கூப்பிடுவது போல.

கண்ணாடியில் டவ்வெயின் மணிக்கட்டு
மடியில் கவிழ்ந்து கிடந்தது.

முடியாத ஒன்றை எப்படி முடிப்பது?
ஒவ்வொரு விரலாக விலகினாள்.
அது தனியானதும் என்னைப் பார்த்துச்
சுவிட்சைக் காட்டினாள்.
மோட்டாரை அணைத்தேன்.
துருத்தியில் மிச்சமிருந்த காற்றில்
கொஞ்சநேரம் நின்றது,
தளர்ந்தது, சுருதி விலகிற்று,
சினைமாடு படுப்பது போல முனகி அடங்கியது.

எப்போது கைதட்டுவதென்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு படியடியில் டவ்வெ கேட்டான்:
"கடைசியாக வாசித்தது யாருடையது? நிரலில் காணோமே."
ஒற்றைக்காலில் நின்று பூட்ஸை இழுத்துக்கொண்டே
"மழையுடையது" என்றாள்.
அவன் தகர டப்பாவில் ஐம்பது யூரோ திணித்துவிட்டு
மாடுகளிடம் ஓடினான்.

கூரை ஒழுகுவது
சரியாக அந்தக் குழாய்க்கு மேலேதான்.
டப்பா நிறைந்தால்
இது இனி நடக்காது.