பந்தறைச் சாவி

லாங்கென்தால் கோப் கடைக் கல்லாவில்
ஜூன் மாதம் சுகிர்தாவைக் கண்டேன்.
கட்டுப்போட்ட மணிக்கட்டால் பாலை நகர்த்தினாள்.
"ஐஸில வழுக்கினது" என்றாள்.
வெளியே முப்பத்தொரு பாகை வெயில்.
நான் மீதிக்காசை எண்ணினேன்.

இப்போது செப்டம்பர்.
பொலிஸ் வந்து போய்விட்டது.
பதினாலு நாள் தயாபரன் வீட்டுப்பக்கம் போகக்கூடாதாம்.
மைதானத்துக்கு வந்துவிட்டான்,
கழுத்தில் விசிலோடு, கூம்புகளை அடுக்கிக்கொண்டு.

செயலாளர் போனில்:
"குடும்பப் பிரச்சினை மாஸ்டர்.
ஞாயிறு அரையிறுதி. கோர்ட் சொல்லட்டும்."

கோர்ட் தன் வேலையைச் சொல்லும்.
என் வேலை பதினாறு பிள்ளைகள்.
அதில் ஒருத்தன் அவன் மகன், கோல்கீப்பர்.
யார் கை உயர்ந்தாலும் கண்ணை மூடுகிறவன்.
பந்தைப் பாரடா, பந்தைப் பாரடா என்று
இரண்டு வருடம் ஏசியிருக்கிறேன்.

அறுபது மீட்டருக்கு அப்பால் கால் தட்டினாலே
கத்துகிற ஆள் நான்.

"தயா, பந்தறைச் சாவியைத் தா.
விசிலையும்."

பதினோரு வருடம் ஒரே காரில் போய்வந்தவர்கள்.
நீட்டிய கை எனக்குத்தான் நடுங்கியது.

"அவளிட்ட என்ன நடந்ததெண்டு
ஒருக்காவது கேட்டனீங்களோ அண்ணை?"

இல்லை.
கேட்டிருக்க வேண்டியது ஜூனில்.