சீல் வைத்த வாரம்

சாயப்பட்டறைக்குச் சீல் வைத்த அன்றுதான்
எங்களுக்கு விடுமுறை என்று ஒன்று கிடைத்தது.
முதலாளி மகனின் கூடாரம்,
ஒரே ஒருமுறை பிரித்தது, கடை வாசனை போகாதது.
அதையும் மூன்று கிலோ அரிசியையும் சுமந்துகொண்டு
அர்த்தநாரி, முஸ்தபா, நான்
மஞ்சவாடிக்கு மேலே ஏறினோம்.

கீறி வைத்த பலாவைப்போல
மலை அங்கே இரண்டாக விரிந்து கிடக்கும்.
முளை பாறையில் இறங்கவில்லை.
வாட்சர் சடையப்பன் வந்து பார்த்தார்.
கல்லில் கட்டுங்க என்றார்.
அடுப்பு மூட்டக்கூடாது,
மூட்டினால் சின்னதாக.
விளிம்புக்குப் போகக்கூடாது,
போனால் உட்கார்ந்தபடி.

உட்கார்ந்தபடி எட்டிப் பார்த்தோம்.
அடியாழத்தில் தண்ணீர்.
அறுபதாம் நம்பர் நூல் என்றான் முஸ்தபா.
இல்லை, நூறு என்றான் அர்த்தநாரி.
இன்னும் தொட்டிக்குள் இறங்காத நூல்
என்று நான் சொல்ல வந்து சொல்லவில்லை.

இது என்ன ஆறுங்க?
திருமணிமுத்தாறு என்றார் சடையப்பன்,
இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

தெரியும்.
பட்டறைக்குப் பின்னால், பாலத்துக்கு அடியில்,
திங்கட்கிழமை மெரூன்,
புதன்கிழமை மயில்கழுத்து,
தீபாவளிக்கு முந்திய மாதம் எல்லாமும்.
நிறத்தைப் பார்த்தே
எதிர்ப் பட்டறைக்கு என்ன ஆர்டர் என்று சொல்லிவிடுவோம்.
அது இங்கிருந்து வருகிறது என்பதுதான்
யாருக்கும் தோன்றியதில்லை.

இரவு முழுக்கக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.
முஸ்தபா இரண்டுமுறை எழுந்து உட்கார்ந்தான்,
வால்வை மூட மறந்துவிட்டோமென்று.

விடிந்ததும் சடையப்பன் காட்டிய தடத்தில்
பின்புறம் தேயத் தேய இறங்கினோம்.
கையை விட்டேன்.
நகக்கண்களில் பத்தொன்பது வருட நீலம்.
கசிகிறதா என்று பார்த்தபடி இருந்தேன்.
விரல்கள் மரத்துப்போயின.
ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.
நாம போட்டது போகாதுடா
என்று சிரித்தான் அர்த்தநாரி.
தொழில்காரன் பெருமை.
சொல்லி முடித்ததும்
அவனே முதலில் கையை வெளியே எடுத்துக்கொண்டான்.

மேலே ஏறியதும் சிக்னல், சிக்னலோடு முதலாளி.
அபராதம் கட்டியாச்சு, சீல் எடுத்தாச்சு,
ராணி கலர், நாற்பது கிலோ, நாளைக்கே.

கூடாரத்தை மடித்தோம்.
வந்த பைக்குள் அது திரும்பப் போகவில்லை.
மூன்று பேர் ஏறி மிதித்தும்
ஒரு கை நீளம் வெளியே தொங்கியது.

பஸ்சில் அர்த்தநாரி கணக்குப் போட்டான்.
நாம நாலு மணிக்கு ஊர் சேர்ந்துருவோம்.
தண்ணி வர நாளைக்கு ஆகும்.
கணக்கில் அவன் தப்பமாட்டான்.

வளைவுக்கு வளைவு
தெரிந்தும் மறைந்தும்
எங்களுக்குப் பின்னால்
வந்துகொண்டிருந்தது,
அவசரம் எதுவும் இல்லாமல்.