செடிக்கு எத்தனை

திங்கட்கிழமை எட்டு மணிக்கு
இத்தலார் நிறுத்தத்தில் இறங்குவேன்.
வரப்பிலிருந்து ஐந்தடி தள்ளி
குறுக்காக நடந்தால் இருபது முட்டைக்கோஸ்.
ஒவ்வொன்றின் முன்னும் குந்தி
தூங்கும் பிள்ளையின் காதைத் திருப்புவதுபோல
இலையைத் திருப்ப வேண்டும்.

தொட்டால் துள்ளும்,
பின்பக்கமாகவே நெளிந்து போய்
விளிம்பிலிருந்து நூல்விட்டுத் தொங்கும்
அரிசி நீளத்துப் பச்சை.
தொங்குவதும் கணக்கில் சேரும்.

ஜனவரியில் இலைமேல் உறைபனி.
செடிக்கு ஒன்று, அதுவும் அசையாமல்.
பிப்ரவரி கடைசியில் நான்கு.
மார்ச் மூன்றாம் வாரம் பதினேழு;
அன்று பென்சில் முனை ஒடிந்தது.
மிச்சியக்காவின் இலைகள்
தாள் ஒட்டிய ஜன்னல்களாகியிருந்தன.
ஒன்றைத் தூக்கிப் பிடித்தேன்,
எதிர்மலைத் தேயிலை மங்கலாகத் தெரிந்தது.

"எண்ணி முடிச்சியா?"
"முடிச்சேன்கா."
"எண்ணுனா செத்துடுமா?"

மூன்று மருந்து மாற்றிவிட்டாள்.
மூன்றாவது பாட்டிலின் விலையையும்
நோட்டில் எழுதச் சொன்னாள்.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

ஏப்ரலில் சில புழுக்கள் துள்ளவில்லை.
கூட்டுக்குள் இன்னொரு கூடு, கருத்து.
குப்பியில் போட்டு அறைக்குக் கொண்டுபோனேன்.
ஒன்பதாம் நாள் வெளியே வந்தது
அந்துப்பூச்சி அல்ல,
எறும்பின் இடுப்போடு ஒரு குளவி.
இனி மருந்து வேண்டாமே என்றேன்.
"என் காட்ட வெச்சா பரீட்சை?" என்றவள்
புது நடவில் பாதிக்கு மட்டும் நிறுத்தினாள்.

எந்தப் பாதி என்று மழை கேட்கவில்லை.
ஜூனில் அவலாஞ்சிப் பக்கமிருந்து வந்தது,
இலைக்குழிகளில் நின்றது,
பச்சைகள் மிதந்தன.
ஜூலையில் இருபது செடிக்கும் இருபது வட்டம் போட்டேன்.
சுழியம் போட்டே கை வலிக்கும் என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஓட்டையே இல்லாத முட்டைக்கோஸ்
மேட்டுப்பாளையத்தில் கிலோ நான்கு ரூபாய்.
அறுப்புக்கூலிக்கும் காணாது.
மிச்சியக்கா அப்படியே விட்டாள்.
என்னையும் அலுவலகத்தில் அப்படித்தான்:
புழு இல்லாத மாதத்துக்கு ஆள் எதற்கு,
டிசம்பரில் கூப்பிடுகிறோம்.

மறந்துவிட்ட குடையை எடுக்கப் போனேன்.
கொட்டகையில் அவள் இல்லை.
திரும்பும்போது, பழக்கதோஷம்,
ஓரச் செடியில் ஓர் இலையைத் திருப்பினேன்.

உள்மடிப்பில் ஒன்று.
நனையாமல்.

நோட்டை ஏற்கெனவே ஒப்படைத்தாயிற்று.
இலையை இருந்தபடியே மூடிவிட்டு
பஸ்ஸுக்கு நடந்தேன்.