ஒரு கோப்பை, மட்டம் தட்டி

மிஸ்ஸி சொன்னா: மத்தியானம் சோறு ஒரு கோப்பை.
நான் கேட்டேன்: குவிச்சா, மட்டம் தட்டியா?
நாலாம் குறுக்குத் தெருவில் முப்பது வருசம்
அரிசி மூடைக்குக் கணக்கு எழுதுகிறவன்
வேறென்ன கேட்பான்.
அவவின் தமிழும் என் சிங்களமும்
பாதி வழியில் சந்தித்தன.
எனக்குப் பின்னால் தொண்ணூறு பேர்,
கையில் உறை போட்ட கிளினிக் கொப்பி.
"தட்டி" என்றா. அடுத்த நம்பரைக் கூப்பிட்டா.

அன்றிலிருந்து தயாளினி
மகளின் பழைய அடிமட்டத்தால்
கோப்பையின் வாயை வழிக்கிறாள்.
வழித்த பருக்கைகள் பானைக்குத் திரும்புகின்றன.
நான் பேப்பர் பார்க்கிறேன்,
அதாவது பேப்பருக்கு மேலால் பார்க்கிறேன்.

கீரிச் சம்பாவை ஒரு கடி கடித்து
ஈரம் எவ்வளவென்று சொல்லிவிடுவேன்.
மூடைக்குள் குத்தூசி இறக்கி
உள்ளங்கையில் கொட்டிய பத்து மணியில்
லொறி முழுவதையும் எடைபோட்ட கை இது.
இப்போது விடிய ஐந்தரைக்கு
குத்தூசி என் பக்கம் திரும்புகிறது.
நடுவிரலின் ஓரம் ஒரு குத்து,
ஒரு சொட்டு மாதிரி.
இருநூற்றுப் பதினொன்று என்கிறது மெஷின்.
பழசா, புதுசா, கலப்படமா
என்று மட்டும் சொல்வதில்லை.

பாணை விடு, இடியப்பம் லேசு என்கிறார் முதலாளி.
இடியப்பமும் மாதானே, பாணின் கரையைத் தின்னு
என்கிறார் எதிர்க்கடை நிஸ்தார்.
சிவப்பரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று
நானே ஒரு வருசம் நம்பியிருந்தேன்.
சிவப்பரிசி விற்கிறவன் அல்லவா.

பின்னேரம் ஜம்பட்டா வீதிக்குள்
சூன் பாண் வண்டி வரும், அந்த மெட்டோடு.
கண்ணாடிக்குப் பின்னால் கிம்புலா பனிஸ்,
வரிசையாய்ப் படுத்திருக்கும் முதலைகள்,
முதுகு நிறையச் சீனி.
கதவைச் சாத்தினால் மெட்டு
யன்னலால் வருகிறது.

அது நடந்தது பொங்கலுக்கு முந்தின கிழமை.
பொலன்னறுவையிலிருந்து ஐந்து லொறி ஒரே நாளில்.
காலையில் ஊசி போட்டாயிற்று.
சோற்றுப் பார்சல் லாச்சிக்குள், கட்டவிழ்க்காமல்.
இரண்டரை மணிக்குப் பேரேட்டில்
ஏழுகள் எழும்பி நடக்கத் தொடங்கின.
சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது.
நாலு பக்கமும் கூரை முட்ட அரிசி.
நடுவில் நான்,
இனிப்பு இல்லாமல் செத்துக்கொண்டிருந்தேன்.

நாட்டாமி சிவனு
தோளில் இருந்த மூடையை அப்படியே போட்டான்.
மடியை அவிழ்த்தான்.
நசுங்கின கிம்புலா, பாதி.
வாலைப் பிய்த்து என் வாய்க்குள் திணித்தான்.
சீனி மணி நாக்கில் ஒவ்வொன்றாய் வெடித்தது.
உலகத்தில் அதைவிட ருசியான ஒன்றை
நான் தின்றதில்லை. இதைத்
தயாளினியிடம் சொல்ல முடியாது.

ஏழுகள் திரும்பி வந்து வரியில் அமர்ந்த பிறகு கேட்டேன்:
உனக்கெப்படித் தெரியும்?
"எனக்கும் இருக்குங்க. பதினோரு வருசம்.
சொன்னா மூட்டை தூக்க விடுவாங்களா?
வெளிய சொல்லிறாதீங்க கணக்கப்புள்ள."
மிச்ச முதலையை மடியில் வைத்துக் கட்டினான்.
தலையும் ஒரு காலும்தான் மிச்சம்.
இன்னும் இரண்டு லொறி இறக்க இருந்தது.

இரவு கிளினிக் கொப்பியில் எழுதினேன்:
மத்தியானம். கோப்பை ஒன்று. தட்டியது.
வாலை எழுதப் பத்தி இல்லை.
எழுதினால் யாருடைய மடி என்று
மிஸ்ஸி கேட்பா.

மறுநாள் சூன் பாண்காரனை நிற்பாட்டி
இரண்டு வாங்கினேன்.
தயாளினி யன்னலில் நின்று பார்த்தாள்.
ஒன்று லாச்சிக்குள், பேரேட்டுக்குக் கீழே.
மற்றதை ஆருக்கென்று
அவளும் கேட்கவில்லை,
அடிமட்டத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.